இறுகும் நேரம்

பதினெட்டடிப் படகொன்று
என் முன்னால் கவிழ்ந்து கிடக்கிறது.
கல்லில் உரசிப் பிளந்த அடிவயிற்றைக்
காலையிலேயே கிரைண்டரால் சுரண்டியாயிற்று.
வெள்ளைத் தூள்
என் இமையில், காதுமடலில்,
தேத்தண்ணிக் கோப்பையின் விளிம்பில்.

மாதகல் கரையில் எனக்கென்று இருப்பது
நாலு பனங்குற்றி, ஒரு தகரப் பந்தல்,
பாதிக் காசு இன்னும் கொடுத்து முடியாத
ஒரு ஜெனரேட்டர்.
பெயர்ப்பலகை இல்லை.
'பைபர் ஒட்டிறவன் எங்க?' என்று கேட்டால்
நாய்கூட வழி காட்டும்.
மாமி மட்டும் சம்பந்தி வீட்டில்
'மருமகன் படகுக் கம்பெனியில' என்கிறாள்.
இருக்கட்டும். கம்பெனிதான்.
முதலாளியும் நான், தூள் தின்பவனும் நான்.

ரெசினுக்குள் எத்தனை துளி ஊற்றுவது என்பதைக்
காற்றைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.
சோளகத்தில் ஒரு துளி கூடினால்
வாளிக்குள்ளேயே கல்லாகிப் புகையும்.
வாடைக்கு அள்ளி ஊற்றினாலும்
விடியும்வரை பிசுபிசுக்கும்.
எனக்கு இதைச் சொல்லித்தந்தவை
கல்லாய்ப் போன மூன்று வாளிகள்.
ஒன்றில் இப்போது மனைவி
கற்றாழை நட்டிருக்கிறாள்.

முன்பு எனக்குக் கழுத்துப்பட்டி இருந்தது.
யாழ்ப்பாணத்தில், இரண்டாம் மாடியில்,
லீசிங் கம்பெனியின் குளிருக்குள் ஒரு கதிரை.
மாதம் இருபத்தைந்தாம் திகதி ஆனால்
நெஞ்சுக்குள் ஏதோ இரையத் தொடங்கும்.
கட்டாதவர்களின் பட்டியல்
போன் வெளிச்சத்தில், போர்வைக்குள்ளும் நீளும்.

இதே கரைக்கு ஒருமுறை வந்தேன்
சப்பாத்துக்குள் மணல் புக,
செபமாலை அண்ணையின் எஞ்சினைக் கழற்ற.
கோப்பில் கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில்
நீலமாய் ஒரு பெருவிரல்.
அவர் மறிக்கவில்லை.
ஸ்பானரைத் தானே எடுத்துத் தந்து
'பதினாலாம் நம்பர் தம்பி, மற்றது வழுக்கும்' என்றார்.

வழுக்கியிருக்கலாம் அது.
நெடுநாள் இரவுகளில்
உள்ளங்கையில் கனத்துக்கொண்டே கிடந்தது.

கவிழ்ந்து கிடக்கும் இந்தப் படகு அவருடையது.
ரெசின் மணக்கும் இடத்தில் நெருப்புக் கூடாதென்று
பற்றாத பீடியைச் சப்பிக்கொண்டு
பனங்குற்றியில் குந்தியிருந்து விலை பேசுகிறார்.
'இருபத்தெட்டாயிரமோ?
எஞ்சினைக் கொண்டுபோன ஆளடா நீ, ஞாபகம் இருக்கோ?'
'அதுக்குத்தான் ரெண்டாயிரம் குறைச்சுச் சொன்னனான்.'
சிரிக்கிறார். முன்பல் விழுந்த இடத்தால்
காற்றுப் போய் வருகிறது.
இருபத்தையாயிரம், பட்டால் ஒரு விளைமீன்.
படாவிட்டால் படாததும் கணக்கில்.

சுகமான வேலை என்று சொல்லமாட்டேன்.
கண்ணாடி நார் குத்திய முழங்கை
இரவெல்லாம் தினவெடுக்கும்.
போன மாதம் பதினொரு படகு.
இந்த மாதம் இதுதான் மூன்றாவது.
ஆனாலும் தினவு தோலோடு நிற்கிறது,
உள்ளே இறங்குவதில்லை.
இருபத்தைந்தாம் திகதி எப்போது வந்து போனதென்று
கலண்டரைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறேன்.

பாயை விரித்து, ரெசின் தடவி,
உருளையால் குமிழிகளை ஓட்டிக் கரைசேர்த்தால்
இனி நாற்பது நிமிடம்
நான் செய்ய ஒன்றுமில்லை.
எந்தச் சம்பளச் சிட்டையிலும்
இப்படி ஒரு நாற்பது நிமிடம் வந்ததில்லை.

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குகிறேன்.
முழங்கால்வரை கல், பிறகு வழுக்கும் பாசி,
பிறகு திடீரென்று மணல்.
என்னைச் சுற்றித் தூள் கரைந்து
கடல் ஒரு கணம் பாலாகிப்
பிறகு தன் நிறத்துக்குப் போகிறது.
மல்லாந்தால் காதுக்குள் தண்ணீர்;
கரையில் செபமாலை அண்ணை
வாயசைப்பது மட்டும் தெரிகிறது.

'தொடாதேங்கோ!' என்று கத்துகிறேன்,
தொட்டுவிட்டார்.

பச்சை ரெசினில், சுருள் சுருளாய்,
ஒரு பெருவிரல் பதிந்து இறுகிக்கொண்டிருக்கிறது.
உரசித்தான் எடுக்க வேண்டும்.
எடுக்கலாம்,
நாளைக்கு.